எந்த மென்பொருளில் திறந்தாலும் அதே அலை

உயிரியல் கணக்கு மாடல்களைச் சேர்த்துவைக்கும் பயோமாடல்ஸ் என்ற இணையக் கிடங்கின் 12-ஆம் எண் மாடலை வாழ்க்கையில் ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு கணினி போதும். ஆய்வகமும் வேண்டாம், காசும் வேண்டாம். கோப்பை இறக்கி, கோபாசி என்ற இலவச மென்பொருளில் திறந்து, 'டைம் கோர்ஸ்' பகுதியில் ஆயிரம் நிமிடம் என்று கொடுத்து ஓட்டுங்கள். மூன்று புரதங்களின் அளவு மூன்று வண்ணக் கோடுகளாக எழும். ஒன்று உச்சியில் இருக்கும்போது இன்னொன்று தரைதட்டிக் கிடக்கும், மூன்றாவது தன் முறைக்குக் காத்திருக்கும். இப்போது அதே கோப்பை, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், டெல்லூரியம் என்ற வேறொரு மென்பொருளில் திறங்கள். அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். உள்ளே கணக்குப் போடும் நிரலும் வேறு: கோபாசிக்குள் இருப்பது எல்.எஸ்.ஓ.டி.ஏ., டெல்லூரியத்துக்குள் இருப்பது லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த சி.வி.ஓ.டி.இ. ஆனாலும் திரையில் வருவது அதே மூன்று கோடுகள், அதே மேடு, அதே பள்ளம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் எது எது என்று கண்ணுக்குத் தெரியாது.

எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. சக உயிர்வேதியியல்காரர்கள் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அந்த 12-ஆம் எண்ணின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செயற்கையாக ஒரு கடிகாரத்தைக் கட்டினார்கள். ரெப்ரெசிலேட்டர் என்று அதற்குப் பெயர். எடுத்துக்கொண்டது மூன்றே மூன்று மரபணுக்கள். லேக்-ஐ ஈ.கோலையினுடையது, டெட்-ஆர், டெட்ராசைக்ளின் மருந்துக்கு எதிர்ப்பு தரும் ஒரு தாவும் மரபணுத்துண்டிலிருந்து வந்தது, சி-ஒன், லாம்டா என்ற வைரஸிலிருந்து. மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் அடுத்தவர் வாயைப் பொத்தினால் எப்படியோ அப்படி. முதல் ஆள் இரண்டாம் ஆளின் வாயைப் பொத்த, இரண்டாமவர் வலுவிழக்கிறார். அதனால் மூன்றாமவர் தப்பித்துத் தலைதூக்குகிறார். அவர் போய் முதல் ஆளின் வாயைப் பொத்துகிறார். சுற்று நிற்பதே இல்லை. இயற்கையில் எங்கும் இல்லாத இந்தச் சுற்றை பாக்டீரியாவுக்குள் போட்டு, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தையும் இணைத்துவிட்டார்கள். செல்கள் ஏறக்குறைய 150 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கின. செல் பிரிய எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அது மூன்று மடங்கு. தாய் செல் பார்த்த நேரத்தைப் பேத்தி செல் தொடர்ந்தது என்றால் பாருங்கள்.

இந்த ஆய்வில் கணக்கு முன்னால் போனது, பாக்டீரியா பின்னால் வந்தது. எந்த நிலைமையில் அலை நிலைக்கும், எந்த நிலைமையில் தேய்ந்துவிடும் என்பதை முதலில் வகைக்கெழுச் சமன்பாடுகளில் பார்த்தார்கள். புரதம் சீக்கிரம் அழிய வேண்டும் என்று கணக்கு சொன்னது. அதற்கேற்ப, செல்லின் புரத அழிப்பு நொதிகளுக்கு அடையாளம் காட்டும் ஒரு வாலைப் புரதங்களில் ஒட்டவைத்தார்கள். இந்தக் கணக்கை இன்று நானும் நீங்களும் வீட்டில் உட்கார்ந்து திரும்பப் போடலாம்.

கோபாசியில் ஸ்லைடர் என்று ஒரு வசதி. எந்த எண்ணை வேண்டுமானாலும் ஒரு பட்டையில் கட்டி, இழுக்க இழுக்க வரைபடம் மாறுவதைப் பார்க்கலாம். 12-ஆம் எண் மாடலில் புரதத்தின் அரை ஆயுள் 10 நிமிடம், எம்.ஆர்.என்.ஏ.வுடையது 2 நிமிடம். புரதத்தின் அரை ஆயுளை 30 நிமிடமாக இழுத்தால் அலை நீண்டு சோம்பலாக அசையும், ஆனால் சாகாது. 60-க்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு மேடும் முந்தையதைவிடக் குட்டையாகி, கடைசியில் மூன்று கோடுகளும் ஒரே மட்டத்தில் படுத்துவிடும். அடுத்து, கசிவு. அடக்கப்பட்ட மரபணுவும் முழுதாக அடங்காமல் நொடிக்கு 0.0005 என்ற வீதத்தில் எம்.ஆர்.என்.ஏ.வைக் கசியவிடுகிறது. முழுவீச்சில் இயங்கும்போது அதே வீதம் 0.5. கசிவைப் பத்து மடங்கு ஆக்கி 0.005 என்று வையுங்கள், முழுவீச்சோடு ஒப்பிட்டால் இன்னமும் நூற்றில் ஒரு பங்குதான். கடிகாரம் நின்றுவிடும்! நூற்றில் ஒன்று கசிந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று முதல் தடவை வாயைப் பிளந்தேன். அடக்கலின் கூர்மையைக் காட்டும் ஹில் எண்ணை 2-இலிருந்து 1-க்கு இறக்கினாலும் முடிந்தது கதை. அடக்கும் புரதங்கள் கூட்டு சேர்ந்து வேலை செய்யாவிட்டால் அலையே கிடையாது. 'கூட்டுச் செயல்பாடு' என்று பாடப்புத்தகத்தில் மூன்று வரியில் வரும் சங்கதிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதோடு விடவில்லை. கோபாசியில் கணக்குமுறையைத் தேர்வு செய்யும் இடத்தில் 'டிடர்மினிஸ்டிக்' என்பதை 'ஸ்டோகாஸ்டிக்' என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இப்போது வருவது டேனியல் கில்லெஸ்பி 1977-இல் எழுதிய வழியைச் சேர்ந்த கணக்கு: செறிவு என்ற வழுவழுப்பான எண்ணை விட்டுவிட்டு, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அடுத்து எந்த வினை எப்போது நடக்கும் என்பதைத் தாயம் உருட்டித் தீர்மானிக்கும். கோடுகள் கரடுமுரடாகும். ஓர் அலை முந்தும், ஒன்று பிந்தும். பிரின்ஸ்டன் செல்களிலும் இதுவே நடந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த செல்கள் சற்று நேரத்தில் ஆளுக்கொரு நேரம் காட்டின. தெளிவாக அலைபாய்ந்தவை நூற்றுக்கு நாற்பது அளவில்தான். மாடல் அதே, கோப்பு அதே. கணக்குமுறையை மாற்றியதும் சீரான கடிகாரம் உயிருள்ள கடிகாரமாகிவிட்டது.

சரி, இந்தக் கோப்பை இத்தனை மென்பொருள்களும் எப்படிப் படிக்கின்றன?

எஸ்.பி.எம்.எல். என்ற வடிவம்தான் காரணம். இந்த வடிவம் இல்லாத காலத்தை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பெட்ரோ மென்டஸ் 1993-இல் வெளியிட்ட ஜெபாசி நல்ல மென்பொருள்; கோபாசிக்கு அதுதான் முன்னோடி. ஹெர்பர்ட் சாரோவின் ஜார்னாக் அதற்குச் சளைத்ததல்ல. ஜப்பானில் ஈ-செல், கேம்பிரிட்ஜில் ஸ்டாக்சிம், அமெரிக்காவில் வர்ச்சுவல் செல், இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு வடிவம். ஒன்றில் செய்த மாடலை இன்னொன்றில் ஓட்ட வேண்டுமா? ஆய்வுக்கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு சமன்பாடு சமன்பாடாகத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். 2000 ஏப்ரலில் கால்டெக்கில் ஒரு பட்டறை நடந்தது. ஹிரோவாகி கிட்டானோவின் ஜப்பானிய ஆய்வுத்திட்டம் பணம் கொடுக்க, இந்த மென்பொருள்களை எழுதியவர்களே நேரில் கூடினார்கள். ஏழு மென்பொருள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் மாற்ற 42 மாற்றிகள் வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வடிவம் இருந்தால் ஆளுக்கு ஒரு வாசிப்பான், ஒரு எழுதுவான், ஆக 14 போதும். எட்டாவது ஆள் வந்தால் அங்கே 14 கூடும், இங்கே இரண்டுதான். மைக்கேல் ஹக்கா, ஆண்ட்ரூ ஃபின்னி, சாரோ, ஹமீத் பொலூரி ஆகியோர் அந்தப் பொது வடிவத்தை எழுதி, 2001 மார்ச்சில் அதன் முதல் நிலையை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் குழுவின் பெரிய கனவு வேறு. சிஸ்டம்ஸ் பயாலஜி வொர்க்பெஞ்ச் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னணியில் ஒரு தரகர் நிரல் ஓடும். வெவ்வேறு மென்பொருள்கள் அதன் வழியாக ஒன்றையொன்று கூப்பிட்டு வேலை வாங்கும். ஜேடிசைனர் என்ற நிரலில் வினைப்படம் வரைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஜார்னாக் கணக்குப் போட்டுத் தரும். கேட்கவே இனிப்பாக இருக்கிறது, வேலையும் செய்தது. ஆனால் காலப்போக்கில் தரகர் ஓரம்போக, துணைக்கு வந்த சாதாரண உரைக் கோப்பு ஊரையே பிடித்துக்கொண்டது. இன்று எஸ்.பி.எம்.எல். பேசும் மென்பொருள்கள் 200-க்கும் மேல். பெங்களூரு என்.சி.பி.எஸ்.ஸில் உபிந்தர் பல்லாவின் குழு எழுதிய மூஸ் என்ற மென்பொருளும் அதில் ஒன்று. எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் விழித்திருந்து கை கோத்து நிற்க வேண்டும் என்பதைவிட, ஒருவர் எழுதி வைத்துப் போனதை இன்னொருவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் வாழ்க்கைக்கு ஒத்துவந்தது என்று நினைக்கிறேன்.

கோப்பைத் திறந்து உள்ளே பார்த்தால் பயமாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்.எம்.எல். குறிகள் பக்கம் பக்கமாக ஓடும். ஒரு பெருக்கல் கணக்குக்கு ஆறு வரி. மனிதர்கள் படிக்க அதை எழுதவில்லை. ஆனால் அமைப்பு எளிது: எந்த அறைகள் (செல், உட்கரு, வெளி), அவற்றின் கொள்ளளவு, உள்ளே எந்தப் பொருள்கள், எந்த வினை எதை எதுவாக்கும், என்ன வேகத்தில், அவ்வளவுதான். நேர்த்தியான மாடலில் ஒவ்வொரு பொருளுக்கும் யூனிப்ராட், செபி போன்ற தரவுத்தளங்களின் எண்ணையும் கட்டியிருப்பார்கள். அதனால் ஒருவர் 'எக்ஸ்' என்று சோம்பேறித்தனமாகப் பெயர் வைத்திருந்தாலும் அது எந்தப் புரதம் என்று கணினிக்கே தெரியும்.

புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் வினைவேகம் என்றால் நேரத்துக்கு இவ்வளவு செறிவு. எஸ்.பி.எம்.எல்.லில் நேரத்துக்கு இவ்வளவு பொருள். ஆகவே புத்தகச் சூத்திரத்தை அறையின் கொள்ளளவால் பெருக்கித்தான் எழுத வேண்டும். கொள்ளளவு 1 என்று இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. என்றைக்காவது அதை மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். வீண் கெடுபிடி போலத் தெரிந்தாலும் காரணம் வலுவானது. செல்லுக்குள்ளிருந்து ஒரு மூலக்கூறு பெரிய வெளித்தொட்டிக்குப் போனால் இங்கே குறையும் செறிவும் அங்கே கூடும் செறிவும் சமமாகாது. மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் சமமாகும்.

கையால் எழுத ஆசையென்றால் ஆன்டிமனி இருக்கிறது. சாரோவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவில் லூசியன் ஸ்மித் உருவாக்கியது. வினையைக் கரும்பலகையில் எழுதுவதுபோல அம்புக்குறி போட்டு எழுதி, அரைப்புள்ளி வைத்து, பக்கத்தில் வேகச் சூத்திரத்தை எழுதினால் முடிந்தது. எக்ஸ்.எம்.எல்.லாக மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும், எக்ஸ்.எம்.எல்.லைத் திரும்ப அம்புக்குறிகளாகவும் மாற்றித் தரும். அடுத்தவர் மாடலைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வழி, அதை இறக்கி ஆன்டிமனியாக மாற்றி, அச்செடுத்து, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படிப்பதுதான். இதுவும் டெல்லூரியமும் ஒரே குழுவின் பிள்ளைகள். தனிம அட்டவணையில் ஆன்டிமனி 51, டெல்லூரியம் 52. பெயர் வைத்தவர்களுக்கு என் வணக்கம்.

இரண்டு மென்பொருளும் ஒரே விடை தருவது தற்செயல் அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சோதனை மாடல்கள் கொண்ட ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடை எண் எண்ணாகக் கொடுத்திருக்கும். மென்பொருள் எழுதுபவர் தன் நிரலை அதில் ஓட்டி எங்கே தேறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தாயம் உருட்டும் கணக்குகளுக்கும் தனித் தொகுப்பு உண்டு. அங்கே ஒரு ஓட்டத்தின் விடையை ஒப்பிட முடியாது என்பதால், ஆயிரக்கணக்கில் ஓட்டிச் சராசரியும் சிதறலும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். மென்பொருள் உலகில் போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே வினாத்தாளுக்குத் தாங்களாக முன்வந்து உட்காருவதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கெடுபிடியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வை நினைவூட்டுவேன். பயோமாடல்ஸ்காரர்கள் வெளியான 455 மாடல்களை எடுத்து, கட்டுரையில் தந்த விவரங்களை மட்டும் வைத்து அதே விடையை வரவழைக்கப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி வரவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்தியும் ஆசிரியர்களிடம் கேட்டும் சிலவற்றை மீட்டார்கள். அதன்பிறகும் நூற்றுக்கு 37 மீளவேயில்லை. ஒரு கூட்டல் குறி மாறியது, ஓர் அலகு விடுபட்டது, ஆரம்ப அளவைப் போட மறந்தது, இப்படிப்பட்ட காரணங்களுக்காக ஒரு மனிதரின் பல ஆண்டு உழைப்பு ஊமையாகிவிடுகிறது. இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் 2005-இல் தொடங்கிய இந்தக் கிடங்கில் சரிபார்ப்பு முத்திரை பெற வேண்டுமானால், கட்டுரையின் ஒரு வரைபடத்தையாவது அங்குள்ளவர்கள் திரும்ப வரவழைத்துக் காட்ட வேண்டும். முடிந்தவரை ஆசிரியர் பயன்படுத்தாத வேறொரு மென்பொருளில். அப்படித் தேறியவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. எனக்கு இது புதையல்.

அந்தப் புதையலில் நான் திரும்பத் திரும்பத் தோண்டுவது 64-ஆம் எண். பாஸ் டூசிங்கும் சகாக்களும் 2000-இல் நெதர்லாந்திலிருந்து வெளியிட்ட ஈஸ்ட் கிளைகாலிசிஸ் மாடல், அதாவது ஈஸ்ட் குளுக்கோஸை உடைக்கும் பாதையின் மாடல். அவர்கள் கேட்ட கேள்வியே அபார துணிச்சல்: நொதிகளைத் தனித்தனியாகச் சோதனைக்குழாயில் அளந்த எண்களை எல்லாம் சேர்த்துக் கோத்தால், உயிருள்ள ஈஸ்டின் நடத்தை கிடைக்குமா? நேராக ஒரே பாதையாகக் கோத்தபோது மாடல் நிலைகொள்ளவே மறுத்தது. கிளைக்கோஜன், டிரிஹேலோஸ், கிளிசரால், சக்சினேட் என்று பக்கவாட்டில் போகும் கிளைகளைச் சேர்த்த பிறகுதான் அமைதியானது. அப்போதும் பாதி நொதிகள்தான் உண்மையான ஓட்டத்தோடு இரண்டு மடங்கு வித்தியாசத்துக்குள் ஒத்துப்போயின. தோல்வியா வெற்றியா என்று கேட்டால், இவ்வளவு நேர்மையான கட்டுரையை நான் குறைவாகவே படித்திருக்கிறேன்.

கிளைகாலிசிஸின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நொதி எது என்ற கேள்விக்கு, 'ஃபாஸ்போஃபிரக்டோகைனேஸ்' என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாங்கள். 64-ஆம் எண்ணைக் கோபாசியில் திறந்து, 'மெட்டபாலிக் கன்ட்ரோல் அனாலிசிஸ்' என்பதை ஓட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் வரும்: அந்தப் படியை ஒரு சதவீதம் வேகப்படுத்தினால் மொத்த ஓட்டம் எத்தனை சதவீதம் கூடும் என்பது. எல்லா எண்களையும் கூட்டினால் 1. இந்தக் கூட்டல் விதியின் வேர், எடின்பரோவில் காக்சரும் பர்ன்ஸும் 1973-இல் எழுதியது. ஃபாஸ்போஃபிரக்டோகைனேஸுக்கு எதிரே பெரிதாக ஒன்றும் இருக்காது! பங்கில் பெரும்பகுதி குளுக்கோஸை செல்லுக்குள் கொண்டுவரும் வாசல் புரதத்திடம் இருக்கும். 2002-இல் பிரிட்சர்டும் கெல்லும் இதே மாடலை ஜெபாசியில் போட்டுப் பார்த்து இதைத்தான் எழுதினார்கள். பாக்டீரியாவுமல்ல, மனிதத் தசையுமல்ல, இது ஈஸ்ட், ஒரு குறிப்பிட்ட நிலைமை, அதை மறக்கக்கூடாது. ஆனால் நிஜ ஈஸ்டிலும் சான்று உண்டு. 1980-களில் ஜெர்மனியில் அந்த நொதியையும் மற்ற கிளைகாலிசிஸ் நொதிகளையும் ஈஸ்டுக்குள் ஏராளமாக உற்பத்தி செய்யவைத்துப் பார்த்தார்கள், ஆல்கஹால் கூடவில்லை. ஆனாலும் தேர்வில் இன்றும் அதே கேள்வி, அதே இரண்டு மதிப்பெண்.

குறையே இல்லையா? உண்டு. எல்லா மென்பொருளும் வடிவத்தின் எல்லா மூலைகளையும் படிப்பதில்லை. தாமதச் சமன்பாடு வந்தால் சில கையை விரிக்கும். அழகாக வரைந்த வினைப்படம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சமன்பாடுகள் பத்திரமாகப் போய்ச் சேரும், படம் மட்டும் வழியில் குலைந்துவிடும். படத்துக்கென்றே தனிச் சேர்க்கைகள் வந்தும் இந்தத் தலைவலி முழுதாகத் தீரவில்லை. பெரிய மாடல்களுக்கு இந்த வடிவம் திணறுவதும் உண்மை. 525 மரபணுக்கள் கொண்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியத்தை முழு செல்லாகவே கணினியில் எழுதிய 2012-ஆம் ஆண்டு மாடல் மேட்லாபில்தான் பிறந்தது. 2015-இல் ஜெர்மனியின் ராஸ்டாக்கில் கூடி அதைத் துண்டு துண்டாக எஸ்.பி.எம்.எல்.லுக்கு மாற்ற முயன்றவர்கள், வடிவத்தில் என்னென்ன போதவில்லை என்ற நீண்ட பட்டியலோடு திரும்பினார்கள். எனக்கு அந்தப் பட்டியலும் பிடித்திருக்கிறது. எங்கே இடிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு ஒரு பொது வடிவத்தை முட்டிப் பார்த்திருக்கிறார்கள் அல்லவா.

இதைப் படித்துவிட்டு யாராவது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் 12, பிறகு 64. நிறுவ எதுவும் முடியாத கணினி என்றால், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷிலிருந்து ஜாக்கி ஸ்னூப்பும் பிரெட் ஆலிவியரும் தொடங்கிய ஜே.டபிள்யூ.எஸ். ஆன்லைனில் உலாவியிலேயே ஓட்டலாம். 64-இல் குளுக்கோஸ் வாசலின் உச்ச வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டு எண்களை மறுபடி கேளுங்கள். வாசலின் பிடி எப்போது தளர்கிறது, தளர்ந்த பங்கு யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் மாடல் நிலைகொள்ள மறுக்கிறது என்று பாருங்கள். விடையை நான் சொல்லமாட்டேன். கோப்பு ஹின்க்ஸ்டனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.